பிள்ளை கையில் வண்டிச் சாவி: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

இஷா தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் நிறுத்திக் கேட்டார்: "ஹஜ்ரத், பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. ட்யூஷன் தாம்பரத்தில். பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பதினாறு வயதிலேயே கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் தருகிறார்களாமே?"

அவர் கேட்டதில் பாதி சரி, பாதி தவறு. படப்பையில் மட்டுமல்ல, மணிமங்கலம், முடிச்சூர், வண்டலூர், ஒரகடம் என்று இந்தப் பக்கத்தில் எந்த மஹல்லாவில் விசாரித்தாலும் இதே பாதி உண்மைதான் பேச்சில் இருக்கிறது. நம் ஊர் நடுவே போகும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை ஒரு மாநில நெடுஞ்சாலை. ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கம்பெனி பஸ்கள், தண்ணீர் லாரிகள் எல்லாம் ஓடுவது இதில்தான். பள்ளிச் சீருடையில் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பிள்ளைகள் போவதும் இதே சாலையில்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நம் மாநிலத்துக்குத்தான்: 64,105 விபத்துகள். நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டினால், சட்டம் முதலில் தேடுவது சாவியைக் கொடுத்தவரை. பலர் இதை அறியாமலேயே சாவியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எந்த வயதில் எந்த வண்டி?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 4 இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் குறைந்தபட்ச வயது 18. ஆட்டோ, டாக்ஸி, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு 20. ஒரே ஒரு விலக்கு உண்டு: என்ஜின் திறன் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை 16 வயது நிரம்பியவர் ஓட்டலாம். அதற்கும் உரிமம் வேண்டும். பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

அந்தத் தகப்பனார் கேள்விப்பட்டது இந்த விலக்கைத்தான். ஆனால் இன்று கடையில் கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.க்கு மேற்பட்டவை. 1980இல் வந்த டி.வி.எஸ். 50 இந்த வரம்புக்குள் அடங்கும் வண்டி. அதன் வாரிசாக நாம் நினைக்கும் எக்ஸ்.எல். 100 வண்டியின் திறன் 99.7 சி.சி. "சின்ன வண்டிதானே, எக்ஸ்.எல். தானே" என்று காய்கறி வாங்கவும் தண்ணீர் கேன் எடுக்கவும் பிள்ளையை அனுப்புகிறோம். சட்டத்தின் கண்ணில் அதுவும் புல்லட்டும் ஒன்றுதான். பதினாறு வயதில் வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு 110 சி.சி. ஸ்கூட்டரை ஓட்டினால், அது உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகவே கொள்ளப்படும்.

மின்சார ஸ்கூட்டர்களில் இரண்டு வகை இருக்கின்றன. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம், 250 வாட்டுக்குக் குறைவான சக்தி, பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குக் குறைவான எடை என்ற வரம்புக்குள் இருக்கும் வண்டிக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. அதைத் தாண்டிய எல்லா மின்சார ஸ்கூட்டருக்கும் பெட்ரோல் வண்டிக்குரிய சட்டமே பொருந்தும். "சத்தமே வராது, பேட்டரி வண்டிதான்" என்று கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்பர் பிளேட் போட வேண்டிய வண்டியா என்று கேளுங்கள். ஆம் என்றால் உரிமமும் வேண்டும்.

எல்.எல்.ஆர். முதல் உரிமம் வரை

பிள்ளைக்குப் பதினெட்டு நிரம்பியதும் செய்ய வேண்டியவை:

1. பரிவாஹன் இணையதளத்தில் பழகுநர் உரிமத்துக்கு, அதாவது எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் தேவை. சாலை விதிகள், சைகைக் குறிகள் பற்றிய தேர்வு ஒன்று உண்டு.

2. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அதை வைத்துத் தனியாக ஊர் சுற்ற அனுமதி இல்லை. வண்டியில் 'எல்' எழுத்து ஒட்டியிருக்க வேண்டும். கார் பழகும்போது உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக் பழகுபவர், கற்றுக் கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

3. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்து, அது காலாவதி ஆகும் முன், ஓட்டுநர் தேர்வுக்குப் போக வேண்டும். இருசக்கர வண்டிக்கு எட்டு போட்டுக் காட்டுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, எல்லாவற்றையும் புரோக்கரிடம் விட்டுவிடுவது. பையன் விதிப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. வளைவில் முந்தக் கூடாது, இடப்பக்கமாக நுழையக் கூடாது, பாதசாரிக் கோட்டில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவன் காதில் விழாமலேயே அட்டை கைக்கு வந்துவிடுகிறது. சென்ட் மீட்டரைப் பார்த்து அத்தர் வாங்கும் நாம், பிள்ளையின் உயிர் விஷயத்தில் படிக்காமல் பாஸ் செய்வதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம்.

நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டு வந்தது. முதலில் பழகுநர், பிறகு இரவு ஓட்டத்துக்கும் நண்பர்களை ஏற்றுவதற்கும் தடையுள்ள உரிமம், அதன் பிறகே முழு உரிமம். அமெரிக்க மாநிலங்களும் பின்னர் இதைப் பின்பற்றின. இளைஞர்களின் விபத்துகள் குறைந்ததாகவே அனுபவம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வீட்டில் அதை விதியாக வைக்க யார் தடுத்தார்கள்? உரிமம் வாங்கிய முதல் ஆண்டில் மஃரிபுக்குப் பிறகு வண்டி இல்லை, பின்னால் நண்பன் இல்லை, நெடுஞ்சாலை இல்லை என்று தகப்பன் சொல்லலாம்.

பிள்ளை ஓட்டினால் பெற்றோர் குற்றவாளி

2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது பிரிவு 199ஏ சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு பெற்றோரும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டிய பிரிவு இது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு குற்றம் செய்தால்:

• பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

• அந்த வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

• அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆரும் கிடைக்காது, உரிமமும் கிடைக்காது.

யார் மீதும் மோதியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியதே குற்றம். இது தவிர, உரிமம் இல்லாமல் ஓட்டுவதற்கு பிரிவு 181இன் கீழும், உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பதற்கு பிரிவு 180இன் கீழும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

25 வயது என்ற தடையை யோசித்துப் பாருங்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வயது அது. டெலிவரி வேலை, மார்க்கெட்டிங் வேலை, வளைகுடாவில் டிரைவர் வேலை என்று எதற்கும் உரிமம் கேட்பார்கள். பதினாறு வயதில் ட்யூஷனுக்குப் போக எடுத்த வண்டி, இருபத்து நான்கு வயதில் அவன் பிழைப்பில் வந்து நிற்கும்.

நம் குடும்பங்களில் இன்னொரு நிலையும் உண்டு. தகப்பன் துபாயிலோ ரியாத்திலோ இருப்பார். வண்டி தாயின் பெயரில் வாங்கப்பட்டிருக்கும். பிள்ளை அடம் பிடித்தால் அத்தா ஃபோனில் சரி என்றுவிடுவார். வழக்கு என்று வந்தால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியது ஊரில் இருக்கும் தாய். ஃபோனில் "சரி" சொல்லும் முன் சகோதரர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாமே என்று தோன்றும். அதைச் சொல்ல சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. பிள்ளை ஓட்டியது பெற்றோர் சம்மதத்தோடுதான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய எல்லாவற்றையும் செய்தேன் என்று காட்ட வேண்டியது நாம். தினமும் அந்த வண்டியிலேயே பிள்ளை பள்ளிக்குப் போனதைத் தெருவே பார்த்திருக்கும்போது அந்த வாதம் எப்படி நிற்கும்?

இழப்பீடு யார் தலையில்?

"இன்ஷூரன்ஸ் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த தவறான நம்பிக்கை. பாதிக்கப்பட்ட குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக, காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம்.

2011இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், உறவுக்காரப் பையன், வயது 17, வீட்டில் இருந்த மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துப் போய் ஓட்டி விபத்து நடந்து ஒருவர் இறந்தார். தன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போனான் என்று உரிமையாளர் வாதாடினார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகையை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம் என்பது உறுதியானது. இப்படிப்பட்ட தொகை பல லட்சங்களில் இருக்கும். சம்பாதிக்கும் வயதில் ஒருவர் இறந்தால், அவர் வருமானம், வயது, அவரை நம்பியிருப்பவர்கள் எண்ணிக்கை எல்லாம் கணக்கில் வரும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டி வரலாம்.

வண்டி ஓட்டிய நம் பிள்ளைக்கே ஏதாவது ஆனால்? உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, செல்லத்தக்க உரிமம் உள்ள உரிமையாளருக்கு உரியது. உரிமம் இல்லாத பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் வராது.

டெல்லியும் புனேயும்

2016 ஏப்ரலில் டெல்லி சிவில் லைன்ஸ் பகுதியில், பதினெட்டு நிரம்பச் சில நாட்களே இருந்த ஒரு பையன் ஓட்டிய மெர்சிடிஸ் கார் மோதி, சாலையைக் கடந்த 32 வயது இளைஞர் இறந்தார். பையனைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. இறந்தவரின் சகோதரிதான் வழக்கை எடுத்துச் சென்றார். 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு என்று சட்டத்தில் எழுதப்பட்ட குற்றங்களை மட்டுமே 'கொடிய குற்றம்' என்று கொள்ள முடியும், எனவே இந்த வழக்கு அதில் வராது என்றது நீதிமன்றம். சகோதரியை இழந்தவர் போல் அல்ல, சகோதரனை இழந்த ஒரு பெண் நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறியதே மிச்சம்.

2024 மே 19 அதிகாலையில் புனே கல்யாணி நகரில், 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். பையன் நண்பர்களோடு மது அருந்திவிட்டு வந்தான் என்பது காவல்துறையின் வழக்கு. சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு அன்றைக்கே ஜாமீன் கிடைத்தபோது நாடே கொதித்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். காரைக் கொடுத்ததற்காகத் தகப்பன் கைதானார். பையனின் இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களும், மாற்றி வைக்கத் தன் இரத்தத்தைக் கொடுத்ததாகத் தாயும் கைது செய்யப்பட்டார்கள். பிள்ளையை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கண்காணிப்பு இல்லத்திலிருந்து விடுவித்தது. பெற்றோர் சிறையில் இருந்தார்கள்.

சிறார் சட்டம் பிள்ளையிடம் இரக்கம் காட்டுகிறது. அது சரியானதே. பிள்ளை திருந்த வேண்டியவன். ஆனால் அந்த இரக்கம் பெற்றோருக்கு நீளாது.

"பாலிக் ஆகிவிட்டானே" என்பவர்களுக்கு

சிலர் என்னிடம் மார்க்க வாதம் ஒன்றைக் கொண்டு வருவார்கள். "பதினைந்து வயதில் தொழுகை கடமை, நோன்பு கடமை. மார்க்கம் பெரியவனாக ஏற்றுக்கொண்டவனை அரசாங்கம் ஏன் சின்னப் பையன் என்கிறது?"

ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். பருவமடைதல் வேறு, 'ருஷ்து' எனப்படும் பக்குவம் வேறு. வணக்கங்கள் கடமையாவதற்குப் பருவமடைவது போதும். சொத்தை ஒருவன் கையில் ஒப்படைக்க அது போதாது. அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசும் சூரத்துன் நிஸாவின் ஆறாம் வசனம், அவர்களைச் சோதித்துப் பக்குவத்தைக் கண்ட பிறகே ஒப்படைக்கச் சொல்கிறது. பருவத்தின் அடையாளம் வெளிப்படாத ஆண் பிள்ளைக்கு இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) வைத்த வயது பதினெட்டு. பக்குவம் காணாதவனின் சொத்தை நிறுத்தி வைக்க அவர்கள் வைத்த எல்லை இருபத்தைந்து. மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதே இரண்டு எண்கள் வருவது தற்செயல்தான். ஆனால் கருத்து ஒன்றே: தனக்குத் தீங்கு செய்யும் அளவுக்கு ஒரு பொருளைக் கையாளத் தெரியாதவனிடம் அதைக் கொடுப்பது அன்பு ஆகாது. சொத்து போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். நூறு கிலோ எடையுள்ள வண்டி பறிப்பதோ உயிர், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் உயிர்.

"எல்லாம் கத்ர்" என்பதும் காதில் விழுகிறது. ஜனாஸா வீட்டில் பொறுமைக்காகச் சொல்ல வேண்டிய சொல் அது. சாவியைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய சொல் அல்ல.

குடித்துவிட்டு ஓட்டும் சட்டம் நமக்கு எதற்கு?

"நம் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை" என்று நினைப்போம். அப்படியே இருக்கட்டும். ஆனாலும் இந்தச் சட்டம் நம் வீட்டுக்குள் வரும் வழிகள் உண்டு.

பிரிவு 185இன்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் பிடிபட்டால் 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. இது சாலையிலேயே கட்டிவிட்டுப் போகும் அபராதம் அல்ல. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். உரிமமும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் நிறுத்தி வைக்கப்படலாம். ஊத மறுத்தால், மறுத்ததே அவருக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் வைக்கப்படலாம்.

முதல் வழி, நண்பன் வண்டி. பிரிவு 188, இந்தக் குற்றத்துக்குத் துணை போகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது. குடித்தவர் ஓட்டும் வண்டியில் உடன் செல்பவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது. கல்லூரி நண்பன் பிறந்தநாளுக்குப் போய், தான் குடிக்காமல், குடித்த நண்பன் பின்னால் உட்கார்ந்து வரும் நம் பிள்ளைக்கும் இது பொருந்தும். அபராதத்தை விடுங்கள். அந்த வண்டி லாரிக்கு அடியில் போனால் பின்னால் இருப்பவன் யார் என்று டயர் பார்க்காது.

இரண்டாவது வழி, போதை மருந்து. பிரிவு 185 மதுவை மட்டும் சொல்லவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு எந்தப் போதைப் பொருளின் பிடியில் இருந்தாலும் குற்றம். கஞ்சாவும் மாத்திரையும் பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்ட காலம் இது. மது ஹராம் என்று அறிந்த பிள்ளைகூட "இது அது இல்லை" என்று ஏமாறும் இடம் இது. இருமல் மருந்து, சளி மாத்திரை போன்றவற்றில் தூக்கம் வரவைப்பவை உண்டு. மருந்துச் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் வண்டி ஓட்டலாமா என்று கேளுங்கள்.

மூன்றாவது வழி, எதிரே வருபவர். நாம் குடிக்காவிட்டாலும் குடித்தவர் வரும் சாலையில்தான் நாமும் போகிறோம். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் மது விற்கக் கூடாது என்பது விதி. நெடுஞ்சாலை ஓரம் மதுக்கடை கூடாது என்ற தீர்ப்புக்கும் நம் மாநிலத்துக்கும் தொடர்பு உண்டு. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் தமிழ்நாடு அரசின் மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பானது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பின்னர் சிறிய ஊர்களுக்கும் நகராட்சி எல்லைகளுக்கும் தளர்வுகள் வந்தன. இருந்தாலும் ஒரு தனி மனிதர் சட்ட வழியில் போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அந்த வழக்கு சாட்சி.

தூக்கக் கலக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து சஹர் வரை பைக்கில் சுற்றும் பிள்ளைகளை எல்லோரும் பார்க்கிறோம். தூங்காத கண்ணும் குடித்த கண்ணும் சாலையில் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த இரவு சுற்றுவதற்காகத் தரப்பட்ட இரவு அல்ல.

தலைக்கவசம், பர்தா, குழந்தைகள்

2022இல் நாடு முழுவதும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் இருப்பவருக்கும், தலைக்கவசம் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் உரிம நிறுத்தமும் உண்டு. மூன்று பேர் போவதற்கும் அதே தண்டனைதான். நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை, குழந்தைக்கான தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது.

ஹிஜாப் அணிந்த பெண்களுக்கு இதில் விலக்கு இல்லை. தொப்பியும் தலைக்கவசம் ஆகாது. ஊசி குத்தாத மெல்லிய உள்துணியைக் கட்டி, அதன்மேல் தலைக்கவசம் அணிந்தால் சரியாக உட்காரும். தலைக்கவசத்துக்குள் ஊசி இருக்கக் கூடாது. பர்தாவின் ஓரமும் துப்பட்டாவின் முனையும் சக்கரத்தில் சிக்குவது நம் பெண்களுக்கே உரிய ஆபத்து. ஏறியதும் இரு முனைகளையும் இழுத்து மடியில் அடக்கிக்கொள்ள வேண்டும். சக்கரத்தை மறைக்கும் சேலைக் காப்பைக் கழற்றக் கூடாது.

பையன்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. யூடியூபில் பல லட்சம் பேர் பின்தொடர்ந்த டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் தாமல் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்து விழுந்தார். கை உடைந்தது, சிறை சென்றார், உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. அவரிடம் விலை உயர்ந்த பாதுகாப்பு உடை இருந்தது. அதைப் பார்த்து வீலிங் செய்யும் நம் பிள்ளையிடம் இருப்பது பள்ளிச் சட்டை.

விபத்து நடந்துவிட்டால்

ஓடிப் போகக் கூடாது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டியவரின் சட்டக் கடமை. கூட்டம் தாக்கும் என்ற பயம் இருந்தால் நேராகக் காவல் நிலையம் போகலாம்.

108ஐ அழையுங்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. அடிபட்டவரைக் கொண்டு போய்ச் சேர்ப்பவருக்கும் பயம் வேண்டாம். சட்டப் பிரிவு 134ஏ அவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியோ சாட்சியாகும்படியோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

பிள்ளை ஓட்டியதை மறைக்கத் தகப்பன் "நான்தான் ஓட்டினேன்" என்று ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. அது பொய் சாட்சியம். ஒரு குற்றம் இரண்டாகும். புனேயில் நடந்தது அதுதான்.

ஜமாஅத்தும் வீடும் செய்யக்கூடியவை

• பள்ளிவாசல், மதரஸா வளாகத்தில் பதினெட்டு நிரம்பாதவர் ஓட்டி வரும் வண்டிக்கு நிறுத்த இடம் இல்லை என்று ஜமாஅத் எழுதி ஒட்டலாம்.

• பதினெட்டு நிரம்பிய பிள்ளைகளுக்கு எல்.எல்.ஆர். விண்ணப்ப உதவியும் சாலை விதி வகுப்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம்.

• அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே ட்யூஷனுக்குப் போகும் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொள்ளலாம்.

• வீட்டில் சாவிக்கு ஓர் இடம் வையுங்கள், பூட்டுள்ள இடம். "தடுக்க வேண்டியதைச் செய்தேன்" என்று நாளை சொல்வதற்கு இன்று செய்ய வேண்டியது அதுதான்.

இவற்றையெல்லாம் சுருக்கமாக அந்தத் தகப்பனாரிடம் சொன்னேன். ஸ்கூட்டர் இப்போது வேண்டாம், இரண்டு வருடம் பொறுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், உண்மையைச் சொல்கிறேன். என் தம்பி வண்டியை அவன் ஆறு மாதமாக ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறான்" என்றார்.

அப்படியானால் இன்றிரவே இரண்டு வேலை என்றேன். பையனிடமிருந்து சாவியை வாங்குங்கள். தம்பியிடம் பேசுங்கள், வண்டி அவர் பெயரில் இருப்பதால் சிறைக்கும் இழப்பீட்டுக்கும் பொறுப்பு அவருக்கும் உண்டு என்று அவருக்குத் தெரியாது.

நம்மில் எத்தனை வீடுகளில் அந்த இரண்டாவது பேச்சு இன்னும் பேசப்படாமல் இருக்கிறது? இன்றே பேசிவிடுங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளையும், நம் பிள்ளைகளால் மற்றவர்களையும் பாதுகாப்பானாக.